ஜப்பானுக்கு வரும்போது பிஎஸ்4, அப்பாவின் டிவிடிகள்: எதைக் கொண்டு வரலாம், எதை வாங்கலாம்?

"அக்கா, டோக்கியோவில் வேலை கிடைத்திருக்கிறது. அடுத்த மாதம் மனைவியோடு வருகிறேன். என்னிடம் ஒரு பிஎஸ்4 (பிளேஸ்டேஷன் 4 கேம் கன்சோல்) இருக்கிறது, கேம் டிஸ்க்குகளும் நிறைய இருக்கின்றன. அப்பா சேர்த்துவைத்த தமிழ்ப் பட டிவிடிகள் ஒரு பெட்டி. அங்கே ரீஜன் லாக் (ஒரு நாட்டு டிஸ்க் இன்னொரு நாட்டில் ஓடாதபடி போடும் பூட்டு) உண்டு, எதுவும் ஓடாது, எல்லாவற்றையும் விற்றுவிட்டு வா என்கிறான் நண்பன். ஜப்பானில் கன்சோல் மலிவாமே, வந்ததும் புதிதாகவே வாங்கிக்கொள்ளலாமா?" என்று மதுரையிலிருந்து கேட்டிருக்கிறீர்கள்.

விற்றுவிடாதீர்கள், தம்பி. உங்கள் நண்பர் சொன்னதில் பாதிதான் உண்மை, அந்தப் பாதியும் பழைய கதை. பிஎஸ்4 கேம் டிஸ்க்குகள் இங்கே தாராளமாக ஓடும். அப்பாவின் டிவிடிகளில் பெரும்பாலானவற்றையும் பார்க்க வழி இருக்கிறது, கொஞ்சம் விவரம் தெரிந்தால் போதும். நீங்கள் நிஜமாகவே உஷாராக இருக்க வேண்டியது அந்தக் கடைசிக் கேள்வியில்தான். 2025இலிருந்து ஜப்பானில் குறைந்த விலைக்கு விற்கும் கன்சோல்களில் புது மாதிரிப் பூட்டு ஒன்று வந்திருக்கிறது. வந்திறங்கிய புதிதில் விலையைப் பார்த்து வாங்கிவிடுகிறவர்கள்தான் அதில் மாட்டிக்கொள்கிறார்கள்.

நான் டோக்கியோவில் நிஷிகசாய் பக்கம் குடியேறி ரொம்ப வருடமாகிவிட்டது. புதிதாக வரும் நம் குடும்பங்கள் அரிசி எங்கே கிடைக்கும், பள்ளிக்கூடம் எப்படி, வாடகை எவ்வளவு என்று கேட்டு முடித்ததும் அடுத்து இதைத்தான் கேட்கிறார்கள். அதனால் இதை நான் நன்றாகவே விசாரித்துத் தெரிந்து வைத்திருக்கிறேன்.

டிவிடியிலிருந்து ஆரம்பிக்கிறேன், அதில்தான் சிக்கல் அதிகம்.

டிவிடி 1996 கடைசியில் ஜப்பானில்தான் முதலில் விற்பனைக்கு வந்தது. அப்போது ஒரு ஹாலிவுட் படம் அமெரிக்காவில் வெளியாகி, ஜப்பானுக்கோ ஐரோப்பாவுக்கோ வந்து சேர மாதக்கணக்கில் ஆகும். இங்கே தியேட்டருக்கே வராத படம் அமெரிக்காவில் டிஸ்க்காகக் கிடைத்தால் வசூல் அடிபடும் என்று ஸ்டூடியோக்கள் பயந்தன. அதற்காக உலகத்தையே பங்கு போட்டார்கள். அமெரிக்காவும் கனடாவும் 1. ஜப்பான், ஐரோப்பா, மத்திய கிழக்கு, தென்னாப்பிரிக்கா 2. தென்கிழக்கு ஆசியா, கொரியா, தைவான், ஹாங்காங் 3. ஆஸ்திரேலியாவும் லத்தீன் அமெரிக்காவும் 4. இந்தியா, இலங்கை, ரஷ்யா, ஆப்பிரிக்காவின் பெரும்பகுதி 5. சீனா 6. டிஸ்க்கில் ஓர் எண் இருக்கும், பிளேயரில் ஓர் எண் இருக்கும். இரண்டும் பொருந்தாவிட்டால் பிளேயர் படத்தைக் காட்டாது.

ஆக, இந்திய டிஸ்க் 5, ஜப்பான் பிளேயர் 2. உங்கள் நண்பர் இதை வைத்துத்தான் சொல்லியிருப்பார். ஆனால் அப்பாவின் பெட்டியைத் திறந்து ஒவ்வொரு உறையாகத் திருப்பிப் பாருங்கள். பின்பக்கம் கீழே, சின்னதாக ஒரு பூகோள உருண்டைப் படம் இருக்கும், அதற்குள் ஓர் எண் இருக்கும். அது 5 என்றால் பூட்டு உண்டு. எண்ணுக்குப் பதிலாக எல்லா நாட்டுக்கும் என்று போட்டிருந்தாலோ, 0 என்றிருந்தாலோ பூட்டே கிடையாது. தமிழ்ப் பட டிவிடிகளில் இப்படிப் பூட்டில்லாதவை நிறைய உண்டு. காரணம் எளிது: லண்டனிலும் டொராண்டோவிலும் சிங்கப்பூரிலும் இருக்கும் தமிழர்களும் அவற்றை வாங்கினார்கள். ஆளுக்கொரு எண் போட்டு விற்றால் விற்கிறவருக்குத்தான் நஷ்டம். 5 என்று போட்டிருப்பவை பெரும்பாலும் இந்தியாவில் விற்ற ஹாலிவுட் படங்களாக இருக்கும்.

அதே பின்பக்கத்தில் இன்னொன்றையும் பாருங்கள். என்.டி.எஸ்.சி. என்று இருக்கிறதா, பி.ஏ.எல். என்று இருக்கிறதா? ரீஜன் எண்ணைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள், இதை யாரும் சொல்வதில்லை. என் அனுபவத்தில் இங்கே டிஸ்க் ஓடாமல் போவதற்கு இதுவும் அதே அளவு காரணம். இவை பழைய டிவி ஒளிபரப்பு முறைகளின் பெயர்கள். இந்தியாவும் ஐரோப்பாவும் பி.ஏ.எல்., ஜப்பானும் அமெரிக்காவும் என்.டி.எஸ்.சி. ஜப்பானில் அந்தப் பழைய ஒளிபரப்பு 2011 ஜூலையில் நாட்டின் பெரும்பகுதியில் நின்றுவிட்டது (நிலநடுக்கத்தால் பாதிக்கப்பட்ட மூன்று வடகிழக்கு மாநிலங்களில் மட்டும் 2012 வரை நீடித்தது). ஒளிபரப்பு போனாலும் டிஸ்க்கில் அந்த வித்தியாசம் அப்படியே தங்கிவிட்டது. பி.ஏ.எல். டிவிடியில் 576 வரிகள், நொடிக்கு 25 படம். என்.டி.எஸ்.சி.யில் 480 வரிகள், நொடிக்கு ஏறத்தாழ 30. இங்கே விற்கும் சாதாரண பிளேயர் பி.ஏ.எல். டிஸ்க்கைத் தொடாது. ஐரோப்பாவும் ஜப்பானும் ஒரே ரீஜன் 2தான், ஆனாலும் லண்டனில் வாங்கிய டிவிடி டோக்கியோவில் ஓடாது. பூட்டு திறந்திருந்தும் கதவு திறக்காத கதை.

இப்போது நீங்கள் செய்ய வேண்டியது. உங்கள் பிஎஸ்4 இந்தியாவில் முறையாக விற்ற பெட்டிதானே? அப்படியானால் அது ரீஜன் 5 டிவிடியை ஓட்டும். அதை இங்கே கொண்டு வந்தால் கேம் மெஷினும் அதுவே, அப்பாவின் டிவிடி பிளேயரும் அதுவே. என்.டி.எஸ்.சி. டிஸ்க் என்றால் கவலையே இல்லை. பி.ஏ.எல். டிஸ்க் என்றால், நீங்கள் இங்கே வாங்கப்போகும் டிவி பி.ஏ.எல்.லுக்குரிய 50 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 50 முறை புதுப்பிக்கும்) படத்தை ஏற்றுக்கொள்கிறதா என்பதைப் பொறுத்தது. ஜப்பான் டிவிகள் பலவும் ஏற்பதில்லை. அதனால் டிவி வாங்கும்போதே கடையில் கேட்டுவிடுங்கள். ஊரிலிருந்து டிவியைத் தூக்கி வராதீர்கள், அது வேண்டாத வேலை.

டிவியில் வராவிட்டாலும் கம்ப்யூட்டரில் வந்துவிடும். கம்ப்யூட்டருக்கு பி.ஏ.எல்., என்.டி.எஸ்.சி. என்ற பேதமே கிடையாது. ஒரு யுஎஸ்பி டிவிடி டிரைவும், விஎல்சி என்ற வீடியோ பார்க்கும் மென்பொருளும் போதும். ஆனால் டிரைவிலும் ரீஜன் எண் உண்டு. அதை ஐந்து முறைதான் மாற்றலாம், ஐந்தாவதாக எதை வைத்தீர்களோ அதுவே நிரந்தரம். விண்டோஸை மறுபடி ஏற்றினாலும், வேறு கம்ப்யூட்டரில் செருகினாலும் அந்தக் கணக்கு மாறாது, ஏனென்றால் எண்ணிக்கை டிரைவுக்குள்ளேயே பதிவாகிறது. அதனால் இன்று 2, நாளை 5 என்று மாற்றி மாற்றி விளையாடாதீர்கள். ஊரிலிருந்து வரும்போதே ஒரு டிரைவ் வாங்கி, 5இல் வைத்து, அதை அப்பாவின் டிஸ்க்குகளுக்கென்றே ஒதுக்கிவிடுங்கள். இங்கே வாங்கும் டிஸ்க்குகளுக்கு இங்கேயே இன்னொன்று வாங்கிக்கொள்ளலாம். ஒரு வேளை சாப்பாட்டுச் செலவுதான் கொஞ்சம் கூடுதலாக ஆகும்.

எல்லா ரீஜனும் ஓடும் பிளேயர்கள் டோக்கியோவின் எலக்ட்ரானிக்ஸ் கடைத்தெருவான அகிஹபாராவின் சின்னக் கடைகளிலும் ஆன்லைனிலும் கிடைக்கின்றன. வாங்கினால், பெட்டியில் ரீஜன் ஃப்ரீ என்று போட்டிருப்பதோடு திருப்தி அடைந்துவிடாதீர்கள். பி.ஏ.எல். படத்தை என்.டி.எஸ்.சி.யாக மாற்றித் தருமா என்று கேளுங்கள். இரண்டும் இருந்தால்தான் நமக்குப் பயன்.

அப்பாவின் பெட்டியில் விசிடிகளும் கிடக்கும் என்று நினைக்கிறேன். 2007 வாக்கில் மோசர் பேயர் நிறுவனம் 28 ரூபாய்க்கு விசிடியும் 34 ரூபாய்க்கு டிவிடியும் விற்கத் தொடங்கியபோது நம் வீடுகளில் அடுக்கடுக்காக வாங்கிக் குவித்தோமே, அந்தக் காலத்துச் சரக்கு. விசிடிக்கு ரீஜன் பூட்டே கிடையாது. ஆனால் பிஎஸ்4ஓ பிஎஸ்5ஓ விசிடியைப் படிக்காது, கம்ப்யூட்டரில்தான் பார்க்க வேண்டும். திருட்டு விசிடி, திருட்டு டிவிடி எதுவும் இருந்தால் ஊரிலேயே விட்டுவிடுங்கள். காப்புரிமை மீறிய பொருட்களைக் கொண்டுவர ஜப்பான் சுங்கம் அனுமதிப்பதில்லை. புது விசாவோடு விமான நிலையத்தில் அதற்கெல்லாம் விளக்கம் சொல்லிக்கொண்டு நிற்க வேண்டாம்.

"எல்லாவற்றையும் ஹார்ட் டிஸ்க்கில் ஏற்றிவிட்டால் என்ன?" என்று அடுத்து கேட்பீர்கள். ஜப்பானில் 2012 அக்டோபரிலிருந்து, டிவிடியின் பாதுகாப்புப் பூட்டை உடைத்துப் பிரதி எடுப்பது சொந்த உபயோகத்துக்கு என்றாலும் சட்டப்படி தவறு. காசு கொடுத்து வாங்கிய டிஸ்க்கை வீட்டில் இருப்பவர் தனக்காகப் பிரதி எடுப்பதில் யாருக்கு என்ன நஷ்டம் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. ஆனால் சட்டம் அதுதான், வெளிநாட்டில் இருக்கும் நாம் அதை மதித்துத்தான் நடக்க வேண்டும்.

உங்கள் கல்யாண டிவிடி மட்டும் விதிவிலக்கு. வீடியோகிராபர் கொடுத்த அந்த டிஸ்க்கில் ரீஜன் எண்ணும் இருக்காது, பாதுகாப்புப் பூட்டும் இருக்காது, பெரும்பாலும் பி.ஏ.எல்.லில் எழுதியிருப்பார்கள். இங்கே ஜப்பானிய நண்பர்கள் வீட்டுக்கு வந்ததும் முதலில் கேட்பது நம் கல்யாண வீடியோதான். பட்டுப்புடவை, நாதஸ்வரம், தாலி கட்டும் நேரத்துக் கெட்டிமேளம் எல்லாம் பார்த்து அசந்துவிடுவார்கள். அந்த நேரத்தில் பிளேயர் டிஸ்க்கைத் துப்பினால் மனசு கஷ்டப்படும். கிளம்பும் முன்பே அதை ஒரு பென்டிரைவில் ஏற்றிக்கொண்டு, இன்னொரு பிரதி வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள். வீட்டில் எழுதிய டிஸ்க்குகளுக்கு ஆயுள் கம்மி, அதற்காகவாவது இதைச் செய்யுங்கள்.

டிவிடி விஷயத்தை இவ்வளவு நீட்டிச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஊரில் பார்த்த ஸ்ட்ரீமிங் சேவைகள் சில இங்கே திறப்பதே இல்லை. திறப்பவற்றிலும் படப்பட்டியல் வேறாக இருக்கும். பழைய தமிழ்ப் படங்கள் தேடினால் கிடைப்பது குறைவு. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுவிட்டு ஒரு பழைய படம் போட்டுப் பார்க்க வேண்டும் என்று தோன்றும்போது அப்பாவின் பெட்டிதான் கைகொடுக்கும். அதை விற்றால் உங்களுக்கு நூறு இருநூறு ரூபாய் வருமா? உறைகளிலிருந்து எடுத்து ஜிப் வைத்த ஃபோல்டரில் போட்டால் கைப்பையில் அடங்கிவிடும். உறையின் தாளையும் மடித்து உள்ளே வையுங்கள், அந்த ரீஜன் எண்ணும் என்.டி.எஸ்.சி. குறியும் அதில்தான் இருக்கிறது.

சரி, பிஎஸ்4.

பிஎஸ்1, பிஎஸ்2 இரண்டிலும் பூட்டு இருந்தது. பிஎஸ்3இலிருந்து சோனி கேம்களுக்குப் பூட்டுப் போடுவதை விட்டுவிட்டது. 2012இல் பிஎஸ்3க்கு வந்த பெர்சோனா 4 அரீனா மாதிரி ஒரு கேம் பூட்டோடு வந்தபோது உலகம் முழுக்க ரசிகர்கள் கொதித்துப்போனார்கள் என்பதே, பூட்டில்லாமல் இருப்பது அதற்குள் எவ்வளவு வழக்கமாகியிருந்தது என்பதைக் காட்டுகிறது. அடுத்த வருடமே மைக்ரோசாஃப்ட் எக்ஸ்பாக்ஸ் ஒன்னில் பூட்டு இருக்கும் என்று அறிவித்து, எதிர்ப்பு கிளம்பியதும் 2013 ஜூனில் பின்வாங்கியது. வாங்குகிறவர்கள் சத்தம் போட்டால் நடக்கும் என்பதற்கு நான் எப்போதும் சொல்லும் உதாரணம் இது.

ஆக உங்கள் பிஎஸ்4 டிஸ்க் பெட்டியில் 2 என்றோ 3 என்றோ எண் இருந்தாலும் பயப்பட வேண்டாம், கேமுக்கு அது பூட்டாகாது. இங்கே புக் ஆஃப், கெயோ போன்ற கடைகளில் பழைய பிஎஸ்4 டிஸ்க்குகள் புத்தம்புதிதுபோல அடுக்கி வைத்திருப்பார்கள். அவற்றையும் உங்கள் இந்தியப் பெட்டியில் போட்டு ஆடலாம். ஆனால் மொழியைப் பாருங்கள். ஜப்பானில் விற்கும் பதிப்பில் ஆங்கிலம் இருக்கும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை. சிலதில் ஜப்பானிய மொழி மட்டும்தான். இன்னொன்று, ரத்தம் தெறிக்கும் கேம்களில் சிலவற்றை இங்கே கொஞ்சம் மட்டுப்படுத்தி வெளியிடுகிறார்கள். பயோஹசார்ட் (நம் ஊரில் ரெசிடென்ட் ஈவில்) வரிசையில் ஒரே கேமுக்கு வயதுவந்தோர் பதிப்பு ஒன்று, மிதமான பதிப்பு ஒன்று என்று இரண்டு வந்ததுண்டு. உறையில் வயதுக்குறியைப் பார்த்து வாங்கினால் ஏமாற்றம் இருக்காது.

பூட்டு போய்விட்டது என்று சொன்னேனே, அது முழுக்கப் போகவில்லை. டிஸ்க்கை விட்டு அக்கவுண்டில் போய் உட்கார்ந்துகொண்டது. உங்கள் பிஎஸ்என் அக்கவுண்ட், அதாவது சோனியின் ஆன்லைன் கணக்கு, இந்தியாவில் தொடங்கியது. அந்த நாட்டை மாற்ற முடியாது, புது அக்கவுண்ட்தான் தொடங்க வேண்டும். இந்திய அக்கவுண்டில் வாங்கியதெல்லாம் இங்கேயும் ஓடும், ஆனால் புதிதாக வாங்கினால் இந்தியக் கடையில், ரூபாயில்தான். ஜப்பான் கடையில் வாங்க ஜப்பான் அக்கவுண்ட் வேண்டும். இதில் பலரும் விழும் பள்ளம் டிஎல்சி, அதாவது கேமுக்குத் தனியாக இறக்கிக்கொள்ளும் கூடுதல் பகுதி. இங்கே பழைய கடையில் ஜப்பான் டிஸ்க் ஒன்றை வாங்குவீர்கள். அதன் கூடுதல் கதையை உங்கள் இந்திய அக்கவுண்டில் காசு கொடுத்து இறக்குவீர்கள். இறங்கும், ஆனால் கேம் அதைக் கண்டுகொள்ளவே செய்யாது. வெளிப்பார்வைக்கு ஒரே கேம்தான், உள்ளே அதன் பதிவு எண் நாட்டுக்கு நாடு வேறு. டிஸ்க் எந்த ஊரோ டிஎல்சியும் அந்த ஊர்க் கடையில் வாங்கியதாக இருக்க வேண்டும். சேவ் ஃபைலும் பல கேம்களில் இப்படித்தான்: இந்தியப் பதிப்பில் பாதி ஆடிவிட்டு ஜப்பான் பதிப்பில் தொடர முடியாது. அதனால் கூடுதல் கதைகள் நிறைய வரும் பெரிய கேம்களை ஊர் டிஸ்க்கில் ஆடுங்கள், இந்திய அக்கவுண்டிலேயே வாங்குங்கள். டிஎல்சி இல்லாத கேம்களை இங்கே பழைய கடையில் பிடியுங்கள்.

ஒரே கன்சோலில் இரண்டு அக்கவுண்டும் வைத்துக்கொள்ளலாம். இந்திய அக்கவுண்டுக்கு அந்த கன்சோலை முதன்மைப் பெட்டியாக வைத்துவிட்டால், அதில் வாங்கிய கேம்களை உங்கள் மனைவியின் ஜப்பான் அக்கவுண்டிலும் ஆட முடியும்.

மின்சாரம் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். இங்கே 100 வோல்ட். பிஎஸ்4இன் லேபிளில் 100–240 என்று போட்டிருந்தால் ஒன்றும் செய்ய வேண்டாம். இங்கே பிளக் தட்டையான இரண்டு கால், ஒரு வயர் வாங்கிச் செருகினால் முடிந்தது. லேபிளில் 220–240 மட்டும் இருக்கும் எந்தப் பொருளையும் கொண்டு வராதீர்கள்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன்.

ஜப்பானில் கன்சோல் மலிவு என்று கேள்விப்பட்டது பொய்யில்லை. நின்டெண்டோ ஸ்விட்ச் 2 வெளியான 2025 ஜூன் 5 அன்று இங்கே அதன் விலை 49,980 யென். யென் மதிப்பு விழுந்து கிடந்த நேரம். அந்த விலைக்கு எல்லா நாட்டுக்கும் பொருந்தும் பெட்டியை விற்றால் வெளிநாட்டு வியாபாரிகள் வந்து அள்ளிக்கொண்டு போய்விடுவார்கள், இங்குள்ள பிள்ளைகளுக்குக் கிடைக்காது. அதனால் அந்த 49,980 யென் பெட்டியில் ஜப்பானிய மொழி மட்டும்தான். அதில் இணைக்கும் நின்டெண்டோ அக்கவுண்டும் ஜப்பானைச் சேர்ந்ததாக இருக்க வேண்டும். எல்லா மொழியும் உள்ள பெட்டி தனியாக, நின்டெண்டோவின் சொந்த ஆன்லைன் கடையில் மட்டும், 69,980 யென்னுக்கு வந்தது. அதே வழியில் சோனியும் 2025 நவம்பர் 21 அன்று டிஸ்க் டிரைவ் இல்லாத பிஎஸ்5 டிஜிட்டல் எடிஷனில் ஜப்பானிய மொழி மட்டும் உள்ள ஒன்றை 55,000 யென்னுக்கு இறக்கியது. சாதாரண டிஜிட்டல் எடிஷன் அப்போது 72,980 யென். இந்த மலிவுப் பெட்டியிலும் ஜப்பானில் பதிவான அக்கவுண்ட் இருந்தால்தான் ஆட முடியும்.

உள்ளூர் மக்களுக்கு விலை ஏறாமல் பார்த்துக்கொள்வதில் ஒரு நியாயம் இருக்கிறது, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் இங்கேயே வேலை பார்த்து, இங்கேயே வரி கட்டி, பிள்ளைகளை இங்கேயே படிக்க வைக்கும் வெளிநாட்டுக்காரர்கள், சொந்த மொழியிலோ ஆங்கிலத்திலோ ஆட பல ஆயிரம் யென் கூடுதலாகக் கொடுக்க வேண்டியிருக்கிறது. எல்லையைக் கடக்கிற சரக்கைத் தடுக்கப் போட்ட வேலியில் எல்லைக்கு உள்ளே இருப்பவர்களும் சிக்கிக்கொள்கிறார்கள். இதை நினைத்தால் எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது.

உங்கள் விஷயத்துக்கு வருவோம். அந்த மலிவு பிஎஸ்5ஐ வாங்கினால் என்ன ஆகும்? மெனு எல்லாம் ஜப்பானிய எழுத்தில் இருக்கும். உங்கள் இந்திய அக்கவுண்ட் அதில் வேலை செய்யாது, ஆக இத்தனை வருடம் வாங்கிய டிஜிட்டல் கேம்கள் எதையும் இறக்க முடியாது. டிஸ்க் டிரைவும் கூட வராது, அதைத் தனியாகக் காசு கொடுத்து வாங்கி மாட்டினால்தான் உங்கள் பிஎஸ்4 டிஸ்க்குகளைப் போட முடியும். மூன்று வருடம் கழித்து ஊர் திரும்பினால் அங்கே அதை விற்கவும் கஷ்டம். உங்களுக்கு அது லாபமே இல்லை. பிஎஸ்5 வேண்டுமென்றால் டிஸ்க் டிரைவ் உள்ள சாதாரண மாடலை வாங்குங்கள். உங்கள் பிஎஸ்4 டிஸ்க்குகளில் ஏறக்குறைய எல்லாமே அதில் ஓடும். அதுவரை பழைய பெட்டியே போதும்.

குழந்தை இங்கேயே பிறந்து வளர்ந்து, ஜப்பானியப் பள்ளியில் படிக்கும் குடும்பம் என்றால் நான் வேறு மாதிரி சொல்வேன். பக்கத்து வீட்டுக் குடும்பம் ஒன்று மலிவான ஸ்விட்ச் 2ஐத்தான் வாங்கியது. அவர்கள் மகள் இரண்டாம் வகுப்பு. அம்மா அப்பாவுக்குத்தான் எழுத்து தெரியாதே தவிர அவளுக்கு எல்லாம் தெரியும். அமைப்புகள் பக்கத்தைத் திறந்து, ஒவ்வொரு வரியாக அம்மாவுக்குத் தமிழில் சொல்லிக்கொண்டே வைஃபையை இணைத்ததை நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். அந்த வீட்டுக்கு அந்தப் பெட்டி சரி.

பழைய ஸ்விட்ச் ஒன்று செகண்ட் ஹேண்டில் வாங்குவதும் நல்ல யோசனைதான். 2017இல் வந்த அந்த முதல் ஸ்விட்சில் ரீஜன் பூட்டு கிடையாது, ஜப்பானில் விற்றதிலும் ஆங்கிலம் உண்டு. நின்டெண்டோ தானே வெளியிட்ட கேம்களில் பெரும்பாலும் ஜப்பான் கேசட்டிலேயே ஆங்கிலமும் இருக்கும். மற்ற கம்பெனிகளின் கேம்களுக்கு மட்டும் மொழியைச் சரிபாருங்கள். நின்டெண்டோ அக்கவுண்டின் நாட்டை நாமே மாற்றிக்கொள்ளலாம், பிஎஸ்என் போலக் கெடுபிடி இல்லை. மாற்றும்போது கணக்கில் பணம் மிச்சம் இருக்கக் கூடாது, அவ்வளவுதான்.

அகிஹபாராவுக்கு ஒரு நாள் கட்டாயம் போவீர்கள். கண்ணாடி அலமாரியில் சூப்பர் ஃபேமிகாம், நின்டெண்டோ 64, கேம்கியூப் என்று நின்டெண்டோவின் பழைய கன்சோல்கள், சின்ன வயசில் படத்தில் மட்டும் பார்த்ததெல்லாம் வரிசையாக இருக்கும். கை துறுதுறுக்கும். அவை எல்லாம் பூட்டுள்ள காலத்துப் பெட்டிகள். இங்கே வாங்கினால் ஜப்பான் கேம்தான், ஜப்பானிய எழுத்துதான். அதன்பின் நின்டெண்டோ கொண்டுவந்த வீ (Wii), 3டிஎஸ், வீ யூ (Wii U) மூன்றும் அப்படியே. ஆசைக்கு ஒன்று வாங்குவதென்றால் கையடக்க கேம் பாய் அட்வான்ஸ் வாங்குங்கள். கேம் பாய் குடும்பத்தில் அந்தப் பூட்டே இருந்ததில்லை, எந்த நாட்டு கேசட்டும் ஓடும், டிவியும் தேவையில்லை. பூட்டுள்ள பெட்டியை யாராவது கழற்றி மாற்றித் தருவார்களா என்று மட்டும் தேடாதீர்கள். ஊரில் பிஎஸ்2 காலத்தில் சிப் போட்டுக் கொடுத்த கடைகள் மாதிரி இங்கே நடக்காது. 2018 கடைசியிலிருந்து அப்படிக் காசு வாங்கி மாற்றிக் கொடுக்கும் சேவையும் சட்டவிரோதம்.

ப்ளூரே பற்றிச் சுருக்கமாக. அங்கே எண்ணுக்குப் பதில் எழுத்து: ஜப்பானும் அமெரிக்காவும் ஏ, ஐரோப்பா பி, இந்தியா சி. அதனால் இங்கே வாங்கும் ப்ளூரே படத்தில் ஏ பூட்டு இருந்தால் அது உங்கள் இந்திய பிஎஸ்4இல் ஓடாது, கேம் ஓடினாலும். ஜப்பானில் அனிமே டிஸ்க் வாங்கும் ஆசை இருந்தால், ஒரு டிஸ்க்கில் இரண்டு மூன்று எபிசோடுதான் இருக்கும், விலை பல ஆயிரம் யென், ஆங்கில சப்டைட்டில் பெரும்பாலும் இருக்காது என்பதை மனசில் வைத்துக்கொள்ளுங்கள். 2016இல் வந்த 4கே அல்ட்ரா எச்டி ப்ளூரேயில் ரீஜன் பூட்டையே எடுத்துவிட்டார்கள். எந்த நாட்டில் வாங்கினாலும் எங்கேயும் ஓடும். உலகமெங்கும் ஒரே வாரத்தில் படம் வெளியாகும் காலத்தில் அந்தப் பூட்டுக்கு வேலையே இல்லை என்று அவர்களுக்கே புரிந்துவிட்டது போலிருக்கிறது.

கடைசியாக, பணம் கட்டுவது. இங்கே வந்த புதிதில் ஜப்பான் கிரெடிட் கார்டு கிடைப்பது சுலபமில்லை. இந்திய கார்டைப் போட்டு ஜப்பான் கடையில் வாங்கிவிடலாம் என்று நினைக்காதீர்கள். 2025 மார்ச் 25இலிருந்து நின்டெண்டோவின் ஜப்பான் ஆன்லைன் கடை வெளிநாட்டு கார்டுகளை ஏற்பதில்லை. மற்றவற்றிலும் வெளிநாட்டு கார்டு அடிக்கடி திரும்பி வந்துவிடும். கவலைப்பட வேண்டாம், தெருவுக்குத் தெரு இருக்கும் செவன் இலெவன், லாசன், ஃபேமிலி மார்ட் எதிலும் பிரீபெய்டு கார்டு தொங்கும். ரொக்கம் கொடுத்து வாங்கி, பின்பக்கம் சுரண்டி, எண்ணைத் தட்டினால் போதும். எந்தக் கடையின் கார்டு என்று பார்த்து எடுங்கள், ஜப்பான் கார்டு ஜப்பான் அக்கவுண்டில் மட்டும்தான் ஏறும். இந்திய பிஎஸ்என் அக்கவுண்டில் தொடர்ந்து வாங்கப் போகிறீர்கள் என்றால் ஊரில் உங்கள் வங்கிக் கார்டை மூடிவிடாதீர்கள், ஓடிபி வரும் செல்போன் எண்ணையும் உயிரோடு வைத்திருங்கள்.

பெட்டி கட்டும்போது பிஎஸ்4ஐ கைப்பையில் வையுங்கள், தம்பி. டிவிடி உறைகளின் பின்பக்கத்தைப் பார்த்து எத்தனை 5, எத்தனை பி.ஏ.எல். என்று ஒரு கணக்கு எடுத்துச் சொன்னால், உங்களுக்குத் தனியாக பிளேயர் வேண்டுமா, டிரைவ் போதுமா என்று நானே பார்த்துச் சொல்கிறேன்.